இவருக்குப் பதில் இவர்

தமிழ் சீரியல்களில் எனக்கு ரொம்பப் பிடித்த சில விநாடிகள் உண்டு. காட்சி திடீரென்று உறைந்து நிற்கும். பழகிய முகத்துக்குப் பக்கத்தில் பழகாத முகம் ஒன்று வரும். கீழே எழுத்து ஓடும்: "இனி இவருக்குப் பதில் இவர்." அறிவிப்பு அவ்வளவுதான். மறுபடி காட்சி நகரும்போது புது மருமகள் பழைய மருமகளின் தாலியோடும் கோபத்தோடும் வந்து, பாதியில் நின்ற சண்டையை அதே வரியிலிருந்து பிடித்துக்கொள்வார். வீட்டில் மாமியார், நாத்தனார், புருஷன் ஒருவருக்கும் சந்தேகம் வராது. பார்க்கிற நமக்கும் ஒரு வாரத்தில் பழைய முகம் மறந்துவிடும்.

2025 நவம்பரில், ஐபிஎல் கிரிக்கெட்டில், ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கியபோது எனக்கு இந்த அறிவிப்புதான் ஞாபகம் வந்தது. 2023 மே 30 அதிகாலையில் மோஹித் சர்மாவின் கடைசி இரண்டு பந்துகளை ஆறும் நான்குமாக அடித்து ஐந்தாவது கோப்பையைக் கொண்டுவந்தவர் ஜடேஜா. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டு நின்ற படத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சரி, இனி இவருக்குப் பதில் இவர். அடுத்த காட்சிக்குப் போகலாம்.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டிவி விமர்சகனும் இல்லை, கிரிக்கெட் நிபுணனும் இல்லை. திருச்சியில், டிவி சதா ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்காருகிறவன். சாயங்காலம் ஆனால் ரிமோட் அம்மா கையில். மார்ச் கடைசியிலிருந்து இரண்டு மாதம் மட்டும் அக்கா பையன் வந்து பிடுங்கிக்கொள்வான். இவர்கள் இருவருக்கும் நடுவில் கிடைத்ததைப் பார்த்து வந்ததில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் சேர்ந்துவிட்டன. அதில் முக்கியமானது இது: நம் சீரியல்களுக்கு முடியத் தெரியாது. அந்த வியாதி இப்போது விளையாட்டுக்கும் தொற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் சீரியல். "எதிர்நீச்சல்" ஓடிய காலத்தில் எங்கள் தெருவில் ஆண்களும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார்கள். காரணம் ஆதி குணசேகரன், அதாவது மாரிமுத்து. வீட்டுப் பெண்களை மிரட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பெரிய மனுஷன். அவர் "ஏய்... இந்தாம்மா" என்றால் திரையில் இருப்பவர்கள் நடுங்குவார்கள், நாம் சிரிப்போம். பயத்தையும் சிரிப்பையும் ஒரே நேரத்தில் வரவைப்பது சின்ன வித்தை இல்லை. அந்த ஆளை நமக்குத் தெரியும் என்பதால்தான் சிரிப்பு வந்தது. நம் சித்தப்பாவிலோ பெரியப்பாவிலோ ஒருவர் அப்படித்தான் இருப்பார், கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது சத்தம் போடுவார். மாரிமுத்து அந்தச் சித்தப்பாவை உடம்பு மொழியோடு கொண்டுவந்து வைத்தார்.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலையில் அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைக்கவில்லை. அன்று அம்மா சாப்பிடவே உட்காரவில்லை. "வில்லனுக்காடி அழுவுற?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதற்கு, "நல்லாத்தானே இருந்தாரு மனுஷன்" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், மிரட்டும் கண், கரிசல் குரல். ஆனால் அவர் மிரட்டினால் மிரட்டல்தான் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. அது அவர் குற்றமில்லை. இன்னொருவர் தைத்துப் போட்டுப் பழகிய சட்டையைத் தூக்கிக் கொடுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

அங்கேயே கதையை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. 2024 ஜூனில் முடித்தார்கள், அதே வருஷம் டிசம்பரில் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று மறுபடி ஆரம்பித்தார்கள். இவ்வளவு நேர்மையான தலைப்பை நான் பார்த்ததில்லை.

ஏன் முடிக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது பரம ரகசியம் ஒன்றுமில்லை. வாரா வாரம் வியாழக்கிழமை ரேட்டிங் வரும். எண் ஏறியிருந்தால் அந்த ட்ராக்கை இழு. இறங்கியிருந்தால் ஒருவரை மாடிப்படியில் தள்ளிவிடு, இல்லாவிட்டால் ஒரு கல்யாணத்தை நிறுத்து. அதற்கும் மசியாவிட்டால் மகா சங்கமம். இரண்டு சீரியல் குடும்பங்கள் ஒரே கோயில் திருவிழாவில் சந்தித்துக்கொண்டு ஒரு வாரம் ஒரு மணி நேரம் ஓடும். கதை எழுதுகிறவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கே போய் முடியும் என்று தெரியாமல் தினமும் இருபது நிமிஷக் காட்சி எழுதச் சொன்னால் யாராக இருந்தாலும் மாடிப்படியைத்தான் தேடுவார்கள்.

"பாக்கியலட்சுமி"யை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளி சீரியல் ஒன்றின் தமிழ் வடிவம். இந்தியில் அதே கதைதான் "அனுபமா". புருஷன், மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சமைத்துப் போட்டே நரைத்துப்போன ஒருத்தி. புருஷனுக்கு வெளியே வேறு உறவு. இது தெரிந்த பிறகு அவள் என்ன செய்வாள்? 2020இல் தொடங்கிய இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலும் வந்தது. அவள் சமையலையே தொழிலாக்கினாள், தன் பெயரில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள், விவாகரத்தும் வாங்கினாள். அந்த நாட்களில் அம்மாவின் தோழிகள் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள். அதில் ஒருவர், "எனக்கு அந்தக் காலத்துல இவ்ளோ தைரியம் வரலயே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னதாக அம்மா வந்து சொன்னார். ஒரு சீரியல் அதற்கு மேல் என்ன சாதிக்க வேண்டும்? ஆனால் ரேட்டிங் நன்றாக இருந்ததே! அப்புறம் மகன்களின் கல்யாணம், மகளின் காதல், மறுபடி அந்தப் புருஷனே வீட்டுக்குள் வந்து போவது என்று 2025 ஆகஸ்ட் வரை இழுத்தார்கள். முடிந்த அன்று அம்மா வேறு சேனலில் இருந்தார்.

"பாண்டியன் ஸ்டோர்ஸ்" இன்னும் ஒரு படி மேலே போனது. 2018இல் ஆரம்பித்து 2023 அக்டோபரில் முடித்தார்கள். கையோடு இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் மூத்த அண்ணனாக வந்த ஸ்டாலின் இரண்டாம் பாகத்தில் அப்பா. பார்க்கிறவர்கள் அசரவே இல்லை. அங்கே இவருக்குப் பதில் இவரேதான்.

குறை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. "சிறகடிக்க ஆசை"யில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அதில் வரும் ஆட்களுக்கு வேலை இருக்கிறது. முத்து கார் ஓட்டுகிறான். மீனா பூக்கட்டுகிறாள், மண்டபத்துக்கு அலங்கார ஆர்டர் பிடிக்கிறாள், அட்வான்ஸ் வாங்குகிறாள், ஏமாறுகிறாள், அடுத்த ஆர்டரில் உஷாராகிறாள். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்கு எவ்வளவு சம்பாத்தியம், வீட்டுக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கணக்கு சாப்பாட்டு மேசையில் பேசப்படுகிறது. நம் சீரியல்களில் பாதிப் பேர் பட்டுப்புடவையோடு ஹாலில் நிற்பதையே உத்தியோகமாக வைத்திருக்கும்போது, ஒருத்தி பூக்கூடையோடு ஸ்கூட்டியில் கிளம்புவது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் மூத்த மருமகள் ரோகிணியின் ரகசியம் என்று ஒன்று இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது கேட்டுவிடுவார்கள், கேட்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். "அந்த விசில நிறுத்துங்கடா மொதல்ல" என்பது அம்மாவின் நிரந்தரக் கோரிக்கை.

பிக் பாஸைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. 2017இல் முதல் சீசன் வந்தபோது அது என்னவென்று யாருக்கும் தெரியாது, உள்ளே போனவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் ஓவியா அப்படி இருந்தார், மழையில் நனைந்துகொண்டு தன் பாட்டுக்கு ஆடினார், ஊரே அவர் பின்னால் போனது. அடுத்தடுத்து உள்ளே போனவர்கள் ஓவியாவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். எந்த கேமரா எங்கே இருக்கிறது, எந்த வாரம் எந்த முகம் காட்ட வேண்டும், வெளியே ரசிகர் ஆர்மி எப்படி உருவாகும் என்று மனக்கணக்கோடு போகிறார்கள். ஏழு சீசன் கமல்ஹாசன் நடத்தினார். 2024இல் எட்டாவது சீசனிலிருந்து விஜய் சேதுபதி. கமல் சுற்றி வளைத்து ஒரு கதை சொல்லிக் கடைசியில் குட்டுவார். குட்டுப்பட்டவருக்கே திங்கட்கிழமைதான் புரியும். சேதுபதி நேராகவே கேட்டுவிடுகிறார், பாதியில் மறித்தும் விடுகிறார். இரண்டிலும் எனக்குப் பெரிய விருப்பமில்லை. வாரம் பூராவும் சண்டை மூட்டிவிட்டு, வார இறுதியில் ஏன் சண்டை போட்டாய் என்று கோட் போட்டுக்கொண்டு வந்து விசாரிப்பது என்ன நியாயம்?

"குக் வித் கோமாளி" என்ற சமையல் போட்டி வேறு ரகம். கொரோனா காலத்தில் ஒளிபரப்பான அந்த இரண்டாவது சீசனுக்கு நான் கடன்பட்டவன். வெளியே வந்த செய்தியெல்லாம் எண்களாகவும் ஆம்புலன்ஸாகவும் இருந்தபோது, புகழ் என்ற கோமாளி ஒரு வெங்காயத்தைத் தப்பாக நறுக்கி நடுவர் வெங்கடேஷ் பட்டிடம் திட்டு வாங்குவதைப் பார்த்து வீடே சிரித்தது. கோமாளிக்குச் சமைக்கத் தெரியாது, குக்குக்குக் கோமாளியை அடக்கத் தெரியாது, அடுப்பில் குழம்பு நிஜமாகவே அடிப்பிடித்துக்கொண்டிருக்கும். அந்த அடிப்பிடித்த வாசனைதான் சிரிப்புக்கு அஸ்திவாரம். பிறகு எல்லோரும் தாங்கள் வேடிக்கையானவர்கள் என்று தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்ட பிறகு வேடிக்கை குறைந்துவிட்டது.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருகிறேன், அதாவது அக்கா பையனின் ஆட்சிக்காலத்துக்கு.

முதலில் ஒரு கணக்கு. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஏலத்தில் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆட்டங்கள் 410. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி வருகிறது. இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 240 பந்து என்று வைத்துக்கொண்டால், ஒரு பந்துக்கு ஏறக்குறைய 49 லட்சம். பந்து வீச்சாளர் திரும்பி நடந்துபோகும் அந்தச் சின்ன இடைவெளியில் திரை சுருங்கி ஓரத்தில் பெயிண்ட் டப்பா எட்டிப் பார்ப்பது ஏன் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். 49 லட்சத்தை எடுக்க வேண்டுமே.

விளம்பரங்களிலும் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. சில வருஷங்களாக ஓவருக்கு ஓவர் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வந்து "டீம் போடுங்க, ஜெயிங்க" என்றார்கள். கடைசியில் ஒரு குரல், இதில் நிதி ஆபத்து உண்டு, பழக்கமாகிவிடலாம், பொறுப்போடு விளையாடவும் என்று ஒரே மூச்சில் ஓடும். அர்ச்சகர் அவசரத்தில் சொல்லும் மந்திரம்கூட அதைவிடத் தெளிவாக இருக்கும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்தே அப்படி ஒரு நிறுவனத்தின் பெயர் இறங்கி, டயர் கம்பெனி பெயர் ஏறியது. டயர் வாங்கச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

தமிழ் வர்ணனை 2017இல் தனிச் சேனலாகவே வந்துவிட்டது. வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். பத்ரிநாத் ஒரு பேட்ஸ்மேனின் கால் எங்கே போகிறது என்று நிறுத்தி நிதானமாக விளக்கினால் எனக்கே ஆட்டம் புரிகிறது. ஸ்ரீகாந்த் பேசினால், ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலும் பேசாவிட்டாலும், பொழுது போகிறது. ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. வானொலிக் காலத்தில் அப்துல் ஜப்பார் நிறுத்தாமல் பேசினார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. நம் கண்ணுக்கு மைதானம் தெரியாது. அவர் வாய் வழியாகத்தான் பந்து எல்லைக்கோட்டுக்குப் போக வேண்டும். இப்போது எட்டுக் கோணத்தில் கேமரா காட்டுகிறது. பந்து மட்டையில் படும் சத்தத்தைக் கேட்க ஒரு விநாடி விடலாம்.

அப்புறம், நேரலை என்ற பெயரில் வரும் தாமதம். எங்கள் வீட்டில் போட்டி இணையம் வழியாக ஓடுகிறது. பக்கத்து வீட்டில் டிஷ். எங்கள் திரையில் பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சல் எழும்பிவிடும். அம்மா அந்தக் கூச்சலின் தினுசை வைத்தே "சிக்ஸரு", "அவுட்டு" என்று சொல்லிவிடுகிறார். இதுவரை தவறியதில்லை. பையன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பார்க்கிறான்.

ஐபிஎல்லில் என் நிஜமான வருத்தம் வேறு. 2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூரு 196 அடித்துவிட்டது. சென்னை விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்தன. தேவைப்படும் ரன் விகிதம் ஏறிக்கொண்டே போனது, தோனியைக் காணோம். அஸ்வின் வந்தார். அவரும் போன பிறகு ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கினார். அப்போது ஆட்டம் கையைவிட்டுப் போயிருந்தது. ஆனால் மைதானத்தில் எழுந்த சத்தம் கோப்பையே ஜெயித்ததுபோல் இருந்தது. கேமரா கண்ணீரோடு நிற்கும் முகங்களைத் தேடித் தேடிக் காட்டியது. 16 பந்தில் 30 அடித்தார், கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர். 50 ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்தது 2008க்குப் பிறகு அன்றுதான்.

பையன் அந்த சிக்ஸர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். "தோத்துட்டோமேடா" என்றேன். "தலய பாத்துட்டோம்ல மாமா" என்றான். அந்தப் பதில் எனக்கு நன்றாகவே புரிந்தது, ஏனென்றால் மாடிப்படிக் காட்சிக்கும் இதுதான் விளக்கம். கதை எங்கே போனால் என்ன, நாயகன் நுழைந்தால் போதும். தோனியை நான் குறை சொல்லவில்லை. முட்டியோடு போராடிக்கொண்டு, நாற்பது தாண்டி அவர் ஆடுவதே பெரிது. பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் ஓர் அணி அடுத்த ஆளைத் தேடாமல் ஒரு நுழைவுக் காட்சியை வைத்து வருஷங்களை ஓட்ட முடியாது. அந்த சீசனில் சென்னை கடைசி இடத்துக்குப் போனது, ஐபிஎல் வரலாற்றில் முதல்முறையாக. கேப்டன் ருதுராஜ் முழங்கையில் அடிபட்டு விலகியபோது மறுபடி கேப்டன் யார்? தோனிதான். இவருக்குப் பதில் அவர்.

அதே சீசனில் எனக்குப் பிடித்த முடிவும் வந்தது. பதினெட்டு வருஷம் கேலி பேசப்பட்ட பெங்களூரு ஜூன் 3ஆம் தேதி பஞ்சாபை 6 ரன்னில் வென்றது. கடைசி ஓவர் முடிவதற்குள்ளேயே கோலியின் கண் கலங்கிவிட்டது. நான் பெங்களூரு ரசிகன் இல்லை. ஆனாலும் ஒரு கதை முடிந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

கபடியைப் பற்றிப் பேசினால் அம்மா குறுக்கே வருவார். அவர் பிறந்தது வடுவூர்ப் பக்கம். அங்கே கபடி தெரியாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். புரோ கபடி டிவிக்கென்றே அளவெடுத்துச் செய்தது போன்ற ஆட்டம்: இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி, ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. சோறு ஆறுவதற்குள் முடிந்துவிடும். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றும்போது இன்னொரு கால் தரையில் படக் கூடாது என்பதை கிராபிக்ஸ் போட்டு விளக்கினார்கள். "இத போயி படம் போட்டுக் காட்டணுமாக்கும்" என்றார் அம்மா. ரெய்டர் கோட்டுப் பக்கம் திரும்பும்போது இடதுமூலைக்காரன் கணுக்காலுக்குப் பாய்வதை எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவர் அவர்தான். கையால் சோற்றைப் பிசைந்தபடியே "புடி, புடி, காலைப் புடி" என்பார். சீரியல் பார்க்கும்போது இந்த அம்மாவைப் பார்க்க முடியாது.

ஆனால் தமிழ் தலைவாஸ் அவரைப் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. 2017இல் வந்த அணி. இன்னும் ஒரு கோப்பை இல்லை. 2022இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அவர் அந்த சீசனே ஆடவில்லை. வேடிக்கை என்னவென்றால் அவர் இல்லாமல் இளம் பையன்களை வைத்து அரையிறுதி வரை போனார்கள், அதுவே இன்றுவரை அவர்களின் உச்சம். பெயரில் இருக்கும் தமிழ் அணியில் அதிகம் தெரியவில்லை என்பதும் அம்மாவின் குறை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். செய்தியில் வடுவூர் என்ற பெயர் வந்ததும் அம்மா ஒலியைக் கூட்டிவிட்டு ஊருக்குப் போன் போட்டார். இரவு நெடுநேரம் பேச்சு நிற்கவில்லை.

அதே மாதக் கடைசியை ஒட்டித்தான் நான் பார்த்ததிலேயே சிறந்த டிவி இரவுகள் இரண்டு வந்தன. மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவுக்கு எதிராக ஆஸ்திரேலியா 338. மகளிர் ஒருநாள் ஆட்டங்களில் அவ்வளவு பெரிய இலக்கை அதுவரை யாரும் துரத்தியதில்லை. தொடரின் நடுவில் ஒரு ஆட்டத்தில் அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்த ஜெமிமா ரோட்ரிக்ஸ் மூன்றாவதாக இறங்கி 127 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். 82இல் ஒரு கேட்ச் நழுவியது, நூறு தாண்டிய பிறகு இன்னொன்று. ஜெயித்ததும் அழுதார். பதற்றத்தால் நாள் தவறாமல் அழுதுகொண்டிருந்ததைப் பற்றிப் பேசினார். பின்னணி இசை இல்லை, முகத்தை மூன்று முறை ஜூம் செய்யவில்லை. அம்மா சீரியலை மறந்து உட்கார்ந்திருந்தார். "யாரு பெத்த புள்ளையோ" என்றார்.

நவம்பர் 2 தென்னாப்பிரிக்காவோடு இறுதி ஆட்டம். மழையால் இரண்டு மணி நேரம் தாமதமாகி, நவி மும்பையில் ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது. இந்தியா 298. அதில் ஷபாலி வர்மா 87. இந்த ஷபாலி முதலில் தேர்வான அணியிலேயே கிடையாது. தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவலுக்கு அடிபட்டதால் அரையிறுதிக்கு முன்பு கூப்பிட்டு வரவழைக்கப்பட்டவர். இங்கேயும் இவருக்குப் பதில் இவர்தான். ஆனால் பழையவரின் சண்டையைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. தன் ஆட்டத்தை ஆடினார். பிறகு ஹர்மன்பிரீத் ஒரு யோசனையில் பந்தையும் அவர் கையில் கொடுக்க, வந்த வேகத்தில் சுனே லூஸ், மரிசான் காப் இருவரின் விக்கெட்டையும் எடுத்தார். எந்தக் கதாசிரியராவது இதை எழுதிக் கொண்டுபோயிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

தென்னாப்பிரிக்கக் கேப்டன் வோல்வார்ட் நூறு அடித்து நின்றுகொண்டிருந்தவரை ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. அவர் தூக்கி அடித்த பந்து அமன்ஜோத் கையில் விழுந்து, துள்ளி, மறுபடி துள்ளி, கீழே விழப்போகும் கடைசி நொடியில் பிடிபட்டது. பையன் கட்டிலிலிருந்து இறங்கி ஓடினான். தீப்தி சர்மா ஐந்து விக்கெட். நள்ளிரவு தாண்டி ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப் பிடித்த கேட்சோடு முடிந்தது. 2005இலும் 2017இலும் இறுதியில் தோற்ற அணி. அந்தத் தோல்விகளில் ஆடிய மிதாலி ராஜையும் ஜூலன் கோஸ்வாமியையும் கூப்பிட்டு அவர்கள் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். பிரதிகா சக்கர நாற்காலியில் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்தார். பதிலுக்கு ஆள் வந்த பிறகும் பழைய முகத்தை மேடைக்கு அழைத்தார்கள்.

அன்றிலிருந்து அம்மா மகளிர் ஆட்டம் எப்போது என்று கேட்கிறார். மகளிர் ஐபிஎல் ஒன்று 2023 முதலே நடக்கிறது, ஐந்து அணி இருக்கிறது என்றேன். சென்னை அணியில் யார் யார் என்றார். சென்னைக்கு அணி கிடையாது. மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம், அவ்வளவுதான். மதுரைப் பெண் கமலினியை 2024 டிசம்பர் ஏலத்தில் 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது மும்பை. "நம்ம புள்ள எதுக்குடா நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஆடுது?" என்று அம்மா கேட்டதற்குப் பையன் ஏலம், உரிமை என்று நீட்டி முழக்கினான். அவருக்கு ஒன்றும் ஒப்பவில்லை. "பொம்பளப் புள்ளைவளுக்கு ஒரு டீம் வாங்க இந்த ஊர்ல ஒருத்தன்கிட்டயும் காசு இல்லையாக்கும்?" என்றார். இந்தக் கேள்வியைக் கிரிக்கெட் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் நன்றாக இருக்கும்.